சீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டை

ஜனவரி 6

அன்புள்ள கண்ணாடிக்கடைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அத்தானுக்கு முழங்கால்தான் வலி, வாய்க்கு ஒரு வலியும் இல்லை. உன் வீட்டம்மாவுக்கு இருமல் நின்றதா? உன் பெண் வாயாடிக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா? பல் என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நீ "ம்" என்பாய், அப்புறம் "சரிக்கா" என்பாய், வைத்துவிடுவாய். எழுதினால்தான் உன்னிடமிருந்து நாலு வரி கறக்க முடிகிறது.

என் டிரைவிங் ஸ்கூலில் ஆறு மாதமாக நம் கிளிக் காரைத்தான் ஓட்டுகிறேன். பழைய வண்டி உயிரை விட்டதும், அப்பாவின் பச்சைக் கார் சும்மாதானே நிற்கிறது என்று என் பக்கத்துக்கும் ஒரு பிரேக் வைத்து எடுத்துக்கொண்டேன். டிக்கியைத் திறந்தால் இன்னும் அப்பாதான் நிற்கிறார். ஜாக்கியில் தேதி, டார்ச்சில் தேதி, ஸ்டெப்னியில் தேதி. பல்பு மாட்டினாலும் துடைப்பம் வாங்கினாலும் தேதி எழுதி வைக்கிற மனுஷன் அல்லவா.

என்னிடம் ஒரு பல் டாக்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவள், ஸ்டியரிங்கைப் பிடித்தால் தன் வாயை இறுக மூடிக்கொள்வாள். ஆள் கொஞ்சம் குள்ளம், சீட்டை நன்றாக முன்னால் தள்ளித்தான் உட்காருவாள். போன வியாழக்கிழமை மேம்பாலம் ஏறும்போது சிக்னல் விழுந்தது. அழகாக நிறுத்தினாள். விளக்கு மாறியதும் கிளப்பினாள். அவ்வளவுதான், சீட்டு சர்ரென்று பின்னால் ஓடியது, டாக்டரும் அதோடு ஓடினாள். இரண்டு காலும் அந்தரத்தில். வண்டி பின்பக்கமாக உருள ஆரம்பித்தது. பின்னால் ஒரு ஸ்கூல் வேன், அது நிறையக் குழந்தைகள். என் பக்கத்துப் பிரேக்கை ஏறி மிதித்தேன். வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது.

டாக்டர் இறங்கி ஓரமாக நின்று அழுதாள். "நான் காலை எடுத்துட்டேன் டீச்சர். எனக்கு இது வராது." நான் சொன்னேன், "நீ எடுக்கலம்மா, சீட்டு உன்னை இழுத்துக்கிட்டுப் போச்சு." அவள் நம்பவில்லை. அன்றைக்குப் போனவள்தான், வரவில்லை.

சீட்டுக்குப் பின்னால் அப்பா காலத்திலிருந்து ஒரு மரக்கட்டை செருகி இருந்தது. ஆளுக்கு ஆள் சீட்டை நகர்த்த வேண்டியிருக்கிறதே என்று நான்தான் அதைக் கழற்றி டிக்கியில் போட்டிருந்தேன். அது எதற்கு அங்கே இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

இந்தக் காரைச் செய்ததே உன் கம்பெனிதான். சொல்ல வேண்டியவர்களிடம் சொல். உன்னை ஓட்டச் சொல்லவில்லை, பயப்படாதே. வாங்கின புதிதிலேயே கிளியைப் பின்னால் விட்டு கண்ணாடிக் கடையை நொறுக்கியவனுக்கு இனி யார் சாவி தரப்போகிறார்கள்! கார் கம்பெனியில் வேலை, போவது வருவதெல்லாம் பஸ்ஸில். உன்னை நினைத்தால் சிரிப்புதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் எழுது.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வீட்டில் இருமல் நின்றுவிட்டது. வாயாடிக்குப் பல் முளைத்துவிட்டது, அதனால் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. அத்தானை வெந்நீர் ஒத்தடம் போடச் சொல்.

கடிதத்தை மூன்று நான்கு தடவை படித்தேன். முதலில் ஒன்று. அந்தக் கட்டையை இன்றைக்கே பழைய இடத்தில் செருகு. கிளியில் யாருக்கும் கற்றுத் தராதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

எனக்கு எழுதினால் அது குடும்பக் கடிதம், கம்பெனிக்கு எழுதினால்தான் புகார். ஆகவே நடந்ததை அப்படியே கம்பெனி முகவரிக்கு எழுதி அனுப்பு. எங்கள் பிரிவுக்குத்தான் வரும். என்னைச் சொந்தம் என்று எங்கேயும் குறிப்பிடாதே, அது புகாரைக் கெடுக்கும்.

வேன் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே? நீ எழுதவில்லை. உன் கைகால் நடுக்கம் நின்றதா? அதையும் எழுதவில்லை.

அன்புடன்,
தம்பி


மார்ச் 3

அன்புள்ள கண்ணாடிக்கடைக்கு,

நான் நலம், அத்தான் நலம், குழந்தைகள் பத்திரம். கைகால் நடுக்கம் நின்று, இப்போது கோபத்தில் வேறு நடுக்கம்.

உன் கம்பெனி பதில் போட்டுவிட்டது. "தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு மனமார வருந்துகிறோம். தங்கள் வாகனம் பதினேழு ஆண்டுகள் பழையது. இருக்கை நழுவுவது வயதினால் ஏற்படும் இயல்பான தேய்மானமே. இம்மாதிரி இருக்கை குறித்து இதுவரை வேறு புகார் ஏதும் பதிவாகவில்லை." கீழே ஏதோ ஒரு அதிகாரியின் கையெழுத்து.

யாரை ஏமாற்றுகிறாய்? "மனமார" என்று எழுதுகிற ஆள் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். "காய்ச்சல் வந்ததற்கு மனமார வருந்துகிறேன்" என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதி வாத்தியாரைச் சிரிக்க வைத்தவன் அல்லவா நீ! சொந்த அக்காவுக்கு "தங்கள்" போட்டு எழுத உனக்கு எப்படியடா கை வந்தது?

தேய்மானமாம். எனக்கும்தான் தேய்மானம். அதற்காக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பின்பக்கமாக ஓடிப் போகிறேனா?

அத்தான் சொல்கிறார், "பழைய காரைத் தூக்கிப் போட்டுட்டு வேற பாரு." போடலாம். ஆனால் இந்த மாதிரிக் கார் எங்கள் தெருவில் மட்டும் மூன்று இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் இரண்டாவது பிரேக்கோடு நான் உட்கார்ந்திருப்பேனா?

டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தாள், பேச்சை மாற்றினாள். அவள் மாமியார் என்னைப் பார்த்துச் சொல்கிறார், "எல்லாருக்கும் எல்லாம் வருமா? விடுங்க." டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

உங்கள் நலம் பற்றி எழுது. நிஜமான பதிலாக எழுது.

கோபத்தோடு,
உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியதெல்லாம் நியாயம். வீட்டில் எல்லோரும் நலம். "தங்கள்" எழுதும்போது எனக்குக் கை வரத்தான் இல்லை.

இங்கே நடப்பது இதுதான். கடிதம் வந்ததும் வண்டி எத்தனை வருஷத்துப் பழசு என்று பார்ப்பார்கள். பத்துக்கு மேல் என்றால் ஒரு மஞ்சள் தட்டில் போடுவார்கள். அந்தத் தட்டுக்கு ஒரே பதில்தான், தேய்மானம். தேய்மானத்தைக் கோளாறு என்று யாரும் எண்ணுவதில்லை. அதனால் உன் புகாரும் கணக்கில் ஏறவில்லை. அடுத்து ஒருவர் எழுதினாலும் "வேறு புகார் இல்லை" என்றே பதில் போகும். அந்த வாசகத்தை எழுதியவன் நான். ஏழு வருஷமாக எழுதுகிறேன்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. உள்ளே ஒரு சீட் லாக் இருக்கும், சீட்டை நகராமல் பிடிப்பது. கிளிக்கு அடுத்து வந்த மாடலில் போட்டது. கிளியின் லாக்கில் ஒரே கொக்கி, இதில் இரண்டு. கிளிக்கும் அப்படியே பொருந்தும். மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. முறையாக விலை கொடுத்துத்தான் வாங்கினேன். மாட்டிக்கொண்டு நிம்மதியாக ஓட்டு, டாக்டரையும் கூப்பிடு.

இதை நான் அனுப்பினேன் என்று மட்டும் வெளியில் சொல்ல வேண்டாம். நீ பத்திரமாக இருந்தால் எனக்கு அது போதும்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள கண்ணாடிக்கடைக்கு,

எல்லோரும் நலமா? இங்கே நலம். பார்சல் வந்தது. பிரித்ததும் கண் கலங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து திட்டப் போகிறேன்.

ஒரு கொக்கி எப்படியடா இரண்டு கொக்கி ஆயிற்று? ஒன்று போதாது என்று யாருக்கோ தெரிந்ததால்தானே? அடுத்த மாடல் வாங்கியவனுக்கு இரண்டு, எங்களுக்கு மஞ்சள் தட்டா?

லாக்கை மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, ஷெட்டில் நின்ற இன்னொரு கிளி ஜாதிக் காரின் கதவைத் திறந்து காட்டினார். சீட்டுக்குப் பின்னால் கட்டை.

"இந்த மாடல் எது வந்தாலும் நான் முதல்ல கட்டை வச்சிருவேன். காசுகூட வாங்குறதில்ல. பாவம், குடும்பம் குட்டியோட போறவங்க."

"கம்பெனிக்கு எழுதினீங்களாண்ணே?"

"எதுக்கு? கட்டை வச்சப்புறம் எவன் சீட்டு நழுவுது?"

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. அடுத்த தெரு ஷெட்டுக்குப் போனேன். அங்கே ரப்பர் துண்டு. பெட்ரோல் பங்க் பக்கத்தில் இருப்பவர் பழைய செருப்பை வெட்டி வைக்கிறார். ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். நல்ல மனசுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து உன் கம்பெனிக்குப் புகாரே வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

அதனால் லாக்கைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. எனக்கு மட்டும் வேண்டாம். தம்பி கம்பெனியில் இருப்பதால் அக்கா பிழைத்தாள் என்றால், தம்பி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? கிளியை நிறுத்திவிட்டேன். இப்போது வீட்டு ஹாலில் நாற்காலியைப் போட்டு, தட்டை ஸ்டியரிங்காகப் பிடிக்க வைத்துப் பாடம் நடத்துகிறேன். அத்தான்தான் ஸ்கூல் வேன்.

உடம்பைக் கவனி.

உன் அக்கா


மே 16

அன்புள்ள கண்ணாடிக்கடைக்கு,

பதில் இல்லை. வீட்டில் எல்லோரும் சுகம்தானே? வாயாடி ஃபோனில், "அப்பா ஆபீஸ்லேர்ந்து வந்ததும் பேசாம படுத்துடறார் அத்தை" என்றாள். உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

ஒரு பெரிய பெட்டி வந்து சேர்ந்திருக்கும். பயப்படாமல் திற. உள்ளே இருப்பது கட்டைகள். ஆறு வாரமாக ஷெட் ஷெட்டாக, வீடு வீடாகப் போய்ச் சேர்த்தேன். யாரையும் ஆபத்தில் விடவில்லை, பழையதை எடுத்துக்கொண்டு அதே அளவில் புதுக் கட்டை செருகித்தான் வந்தேன். மெக்கானிக் அண்ணன் வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணும், ஓட்டுபவர் யார் என்பதும் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கட்டியிருக்கிறேன்.

தேங்காய் உரிக்கிற கம்பி மாதிரி கூராக இருப்பது தச்சருடையது. சொந்தக் கை வேலை, கொடுக்க மனசே வரவில்லை. மடித்த தகரம் பூக்கடை அம்மாவுடையது. கதவுக்கு வைக்கிற தடுப்பு ஒரு தலைமையாசிரியருடையது. அவர் கேட்டார், "நான் மட்டும்தான் இப்படி வச்சிருக்கேன்னு வெக்கப்பட்டுக்கிட்டிருந்தேன். இத்தனை பேரா?" பாதி செருப்பு யாருடையது என்று சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், காகிதத்தில் எண் மட்டும் இருக்கும். கிளியின் கட்டையையும் போட்டிருக்கிறேன், அது இப்போது ஓடவில்லையே.

மெக்கானிக் அண்ணன் ஒன்று சொன்னார். "இதெல்லாம் பழைய வண்டிக் கட்டை, தேய்மானம்னுதான் திரும்பச் சொல்வாங்க. புதுசா இருந்தப்பவே நழுவினது ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, வாயடைச்சுப் போயிடும்." எனக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. புதிதாக வாங்கியவர்களெல்லாம் வண்டியை விற்றுவிட்டார்கள். நீ அங்கே தேடிப் பாரேன். வாங்கி ஒரு வருஷத்துக்குள் நழுவிய வண்டி ஒன்று போதும்.

உடனே எழுது. இல்லாவிட்டால் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

உன் அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பெட்டி வந்தது. எல்லாவற்றையும் வெளியில் எடுத்துப் பார்த்தேன்.

இனிமேல் எனக்குக் கடிதத்தை வீட்டு முகவரிக்கே போடு. ஆபீஸில் இப்போது வேறு அறை. ஜன்னல் கிடையாது, வெயில் படாததால் நிறம் கூடியிருக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். உதிரி பாகங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் கடிதம் எழுதுவதில்லை.

நீ கேட்டதைத் தேடிப் பார்க்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூன் 27

அன்புள்ள கண்ணாடிக்கடைக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கான், என்ன கவலை?" என்றார். அவருக்கு உன்னைத் தெரியாது. நீ எழுத்தில் பொய் சொல்ல மாட்டாய், சொல்லாமல் விட்டுவிடுவாய். ஜன்னல் இல்லாத அறை, உதிரி பாகம், கடிதம் எழுதுவதில்லை. உன்னைக் கிடங்குக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், அப்படித்தானே? என்னால்தானே?

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. விளையாட்டில்லை. ரோஷத்தில் லாக்கைத் திருப்பி அனுப்பினேன், பெட்டி நிறையக் கட்டை அனுப்பினேன், உன் மேசையை யார் காப்பாற்றுவது என்று யோசிக்கவே இல்லை. வாயாடி படிக்க வேண்டும். உன் வீட்டம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

போதும், விட்டுவிடு. பெட்டியை அடுப்புக்குப் போடு. ஊரில் நான் போய் எல்லோரிடமும் கட்டையைக் கழற்றாதீர்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். கிளியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். நான் உன்னைவிட எதையும் பெரிதாக நினைக்கவில்லை.

சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு.

உன் அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? கிளியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடவில்லையே? கொடுத்திருந்தால் ஓடிப் போய் வாங்கி வா.

இரண்டு மாதம் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டே இருந்தேன். நீ கேட்ட வண்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை, அக்கா. உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும். புதிதாக இருந்தபோதே நழுவிய வண்டி ஒன்று உண்டு. அது கிளி.

அன்றைக்குக் கண்ணாடிக் கடை மேட்டில் நான் காலை எடுக்கவில்லை. சீட்டு ஓடியது. டாக்டருக்கு ஆன மாதிரியே சர்ரென்று ஓடியது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கடைக்காரர் கத்துகிறார், சித்தப்பா "காலை எடுத்துட்டான்" என்கிறார், தெருவே சிரிக்கிறது. புத்தம் புதுக் காரைக் குறை சொன்னால் யார் நம்புவார்கள்? சாக்கு சொல்கிறான் என்பார்கள். கொஞ்ச நாளில் நானே நம்பிவிட்டேன். காலை எடுத்தவன் நான்தான், எனக்கு வராது என்று.

கிடங்குக்கு மாற்றியது நிஜம். மஞ்சள் தட்டுக் கடிதங்களைத் திரும்ப எண்ண வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன், அதனால். உன் பெட்டியால் இல்லை. பெட்டி வருவதற்கு முன்பே நடந்தது. இதற்கு நீ அழாதே.

நீ விட்டுவிடு என்று எழுதிய கடிதம் வந்த அன்று பெட்டியை மூடி வைக்கப் போனேன். கிளியின் கட்டையைக் கையில் எடுத்தேன். நீ அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அப்பாவின் எழுத்து, அழுத்தி எழுதிய நீல மை. தேதி. கண்ணாடிக் கடை உடைந்து நாலாம் நாள். வண்டிக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அடிபட்ட பின்பக்கத்தைச் சரி பண்ண விட்டபோது மெக்கானிக் அண்ணன் சீட்டு ஆடுகிறது என்று கட்டை வைத்திருக்க வேண்டும், இப்போது அவருக்கே மறந்துபோயிருக்கும். அப்பா எப்போதும் போலத் தேதி போட்டிருக்கிறார்.

அவருக்கு விஷயம் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் எனக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தீர்களே, அப்பா மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. யோசித்துப் பார்.

மறுநாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பாதுகாப்புக் கமிட்டி கூடும் நாள் அது. என்னை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டினேன். மேலாளர், "நீங்க கிடங்கில இல்ல?" என்றார். "ஆமாம் சார், உதிரி பாகம் கொண்டாந்திருக்கேன்" என்று பெட்டியை மேசைமேல் கவிழ்த்தேன். தச்சருடைய கூர்க்கட்டை உருண்டு போய் கம்பெனி வக்கீலின் டீ டம்ளரைத் தட்டிவிட்டது.

வக்கீல் துடைத்துக்கொண்டே சொன்னார், "எல்லாம் பழைய வண்டி. வயசானா தேயத்தான் செய்யும். பத்து வருஷத்துக்கு மேல நம்ம பொறுப்பு கிடையாது."

கிளியின் கட்டையைக் கவிழ்த்துத் தேதியைக் காட்டினேன். "இந்த வண்டிக்கு அப்ப ஒரு வயசுகூட ஆகல சார். ஓட்டினவன் நான்." முதல் தடவையாக வாய் விட்டுச் சொன்னேன்.

கடைசி நாற்காலியில் இருந்த தலைமை இன்ஜினியரம்மா எழுந்து வந்து பாதி செருப்பைக் கையில் எடுத்தார். அதில் கட்டியிருந்த எண்ணைப் படித்தார். "ரெண்டு கொக்கி போட்டது நான்தான். பழைய வண்டியையெல்லாம் ரீகால் பண்ணி மாத்திக் குடுக்கணும்னு அப்பவே எழுதினேன். புகார் ஒண்ணுகூட வரலையேன்னு பதில் வந்துச்சு. நானும் சரின்னு விட்டுட்டேன்." அப்புறம் வக்கீலைப் பார்த்தார். "பழசாகிக் கெட்டுப்போறது வேற. பிறக்கும்போதே இருக்குற கோளாறு வேற. அதுக்கு வயசே கிடையாது, அது எப்பவும் நம்மளுதுதான்."

உடனே முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகு பல கூட்டம், பல சண்டை. போன மாதக் கடைசியில்தான் முடிவானது. கிளி மாடல் வண்டி எத்தனை ஓடுகிறதோ அத்தனையையும் திரும்ப அழைத்து, இலவசமாக லாக் மாற்றித் தருகிறார்கள். அறிவிப்புக் கடிதத்தை யார் எழுதுவது என்று வந்தபோது இன்ஜினியரம்மா என்னைக் கை காட்டினார். ஒரு வரிக்காக வக்கீலோடு இரண்டு வாரம் மல்லுக்கு நின்றேன். அவர் வெட்ட வெட்ட நான் திரும்ப எழுதினேன். அந்த வரி நின்றுவிட்டது. உனக்கு வரும்போது பார்.

அன்புடன்,
தம்பி


அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் சமைக்கவில்லை. அத்தான்தான் ஏதோ செய்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை, நேரில் பேசிக்கொள்வோம்.

கம்பெனிக் கடிதம் போன வாரம் வந்தது. தெரு முழுக்க வந்தது. பூக்கடை அம்மா என்னைத் தேடி வந்து படிக்கச் சொன்னார். உரக்கப் படித்தேன். "உங்கள் காரின் ஓட்டுநர் இருக்கை திடீரென்று பின்னால் நழுவக்கூடும். லாக்கை இலவசமாக மாற்றித் தருகிறோம். உங்களுக்கு எப்போதாவது அப்படி நழுவியிருந்தால், அது உங்கள் தவறு அல்ல. எங்கள் தவறு." அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ஒரு "மனமார" கூட இல்லையடா அதில்!

கிளிக்கு லாக் மாற்றியாயிற்று. கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவள் அந்த வரியைப் படித்தாள், மறுபடியும் படித்தாள். அப்புறம் கடிதத்தை மாமியார் கையில் கொடுத்தாள். "டீச்சர், செருப்பு மாட்டிக்கிட்டு வரேன், இருங்க" என்றாள். நேராக மேம்பாலம். பாதி ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள், கிளப்பினாள். சீட்டு இம்மி அசையவில்லை. பாலத்து உச்சியில் அவள் வாயைத் திறந்து கத்தினாளே ஒரு கத்தல், பக்கத்து பஸ்காரர் பிரேக் போட்டுவிட்டார்.

உன்னை எப்போது திரும்ப மேலே கூப்பிடுகிறார்கள்?

உன் அக்கா


அக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மஞ்சள் தட்டை எடுத்துவிட்டார்கள். இன்ஜினியரம்மா பழைய வண்டிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு கேட்டு வாங்கியிருக்கிறார். எனக்கு அங்கே ஒரு மேசை, ஜன்னல் பக்கம். கட்டைகளெல்லாம் அந்த ஜன்னலில் வரிசையாக இருக்கின்றன. பாதி செருப்பை யாரும் தூக்கிப் போட விட மாட்டேன்.

"அன்புள்ள தம்பிக்கு" என்று எழுதியிருந்தாய். வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். பழைய பெயரையே எழுது. இப்போது அது கேட்க நன்றாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு. நாங்கள் மூவரும் வருகிறோம். கிளியின் சாவியை எடுத்து வை. அந்தக் கண்ணாடிக் கடை மேட்டில் நான்தான் ஏறப் போகிறேன். நீ பக்கத்தில் உட்கார். ஆனால் உன் பக்கத்துப் பிரேக்மேல் கால் வைக்கக் கூடாது.

அன்புடன்,
கண்ணாடிக்கடை